தோள் பொருந்தினால் வயிறு பிடிக்கிறது, வயிறு பொருந்தினால் தோள் தொங்குகிறது: ரெடிமேட் சட்டையை எப்படிப் பார்த்து எடுப்பது?

காவிரிக்கரை

வணக்கம். வாரம் முழுக்க முழுக்கைச் சட்டை போட்டு, இன் செய்து உட்கார வேண்டிய வேலை என்னுடையது. திருச்சியில் கடை கடையாக ஏறி இறங்கியும் ஒரு சட்டை ஒழுங்காக உட்கார மாட்டேன் என்கிறது. 40 எடுத்தால் தோள், காலர் இரண்டும் சரி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் தொப்புளுக்கு மேலே இருக்கும் இரண்டு பட்டன்களுக்கு நடுவே துணி விரிந்து பனியன் தெரிகிறது. 42 எடுத்தால் வயிற்றுப் பக்கம் தாராளம். தோள் தையல் கையில் இறங்கி நிற்கிறது, கஃப் உள்ளங்கை வரை வந்துவிடுகிறது. கடைக்காரர் "உங்களுக்கு 42தான் சார்" என்று அடித்துச் சொல்கிறார். வீட்டில் 40தான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டு விஷயம். எந்த இடம் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்? அப்புறம், உடம்போடு ஒட்டிய சட்டை எனக்குப் பிடிக்காது, நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டம் வேண்டும். அப்படி லூஸாகப் போட விரும்புவதும் அளவு தப்பிப் போவதும் ஒன்றுதானா?

ஊசிமுனை

வணக்கம் சார். மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆண்கள், பெண்கள் இரண்டு உடுப்பும் தைக்கிறோம். ஆல்ட்டரேஷன் வேலையும் நிறைய வரும். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தோள்தான். கழுத்திலிருந்து தோள் வழியாக விரலை வெளியே நகர்த்திக்கொண்டு போனால், கை இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன எலும்பு மேடு தட்டுப்படும். கை இணையும் தையல் அந்த மேட்டின் மேல் நிற்க வேண்டும். அரை விரல் உள்ளே வெளியே இருந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டிக் கையில் இறங்கினால் அது உங்கள் சட்டை இல்லை.

தோளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பின்னால் சரிசெய்ய மிகவும் கடினமான இடம் அதுதான். பக்கவாட்டில் லூஸாக இருந்தால் அக்குளிலிருந்து கீழ்வரை ஒரு தையல் போட்டுப் பிடித்துத் தரலாம், கொஞ்ச நேர வேலை. கை நீளம் என்றால் கஃப்பைக் கழற்றி, துணியைக் குறைத்து, மறுபடி ஏற்றலாம். உயரம் குறைப்பது அதைவிட எளிது. தோளைக் குறைக்க வேண்டும் என்றால் கையை முழுக்கப் பிரித்தெடுத்து, ஆர்ம்ஹோலை, அதாவது கை இணையும் வட்டத்தை, திரும்ப வெட்டி, அதற்கேற்பக் கையையும் வெட்டி ஏற்ற வேண்டும். கட்டம் போட்ட சட்டையாக இருந்தால் கட்டம் சேராமல் போய்விடும். கூலியும் புதுச்சட்டை தைக்கிற அளவுக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ரெடிமேட் சட்டையைச் சிறிதாக்கலாம், பெரிதாக்க முடியாது. நாங்கள் தைக்கும் உடுப்பில் நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட உள்ளே துணி விட்டுத் தைப்போம். ரெடிமேட் சட்டையின் பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணியின் இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் அடித்திருப்பார்கள். பிரித்தாலும் கால் அங்குலம் தேறாது, பழைய ஊசித் தடம் வேறு வரிசையாகத் தெரியும். ஆகவே வயிறு பிடிக்கிற 40ஐ என்னிடம் கொண்டுவந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

உங்களிடம் ஒரு கேள்வி: அந்த 40 சட்டையில் "ஸ்லிம் ஃபிட்" என்று போட்டிருக்கிறதா?

காவிரிக்கரை

இப்போதுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பிடிக்கிற 40 எல்லாமே ஸ்லிம். 42 இரண்டும் ஸ்லிம்தான்.

ஊசிமுனை

அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது சார். நீங்கள் ஸ்லிமுக்குள்ளேயே மேலும் கீழும் போய்வந்திருக்கிறீர்கள். அதே நிறுவனத்தில் 40 ரெகுலர் ஃபிட் கேளுங்கள். சிலர் கம்ஃபர்ட் ஃபிட் என்றும் போடுவார்கள். காலர் அதே 40, தோளும் ஏறக்குறைய அதேதான். மார்புக்குக் கீழே இடுப்பு வரை மட்டும் வளைவு இல்லாமல் நேராக இறங்கும். சில ஸ்லிமில் முதுகுப் பக்கம் இரண்டு டாட், அதாவது துணியை உள்பக்கம் மடித்துத் தைக்கும் பிடிப்பு, வைத்து இடுப்பைக் குறைத்திருப்பார்கள், அதுவும் ரெகுலரில் இருக்காது. உங்களுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் துணி கூடும்.

கடைகளில் பொம்மைக்கு மாட்டியிருப்பது பெரும்பாலும் ஸ்லிம். ரெகுலர் அடுக்கில் கீழே கிடக்கும், கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பின்னலாடை

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. 42 எடுத்தால் தோள் ஏன் தொங்குகிறது என்பதை உற்பத்திப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எந்த நிறுவனமும் ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனி ஆளை நிறுத்தி அளந்து வெட்டுவதில்லை. நடு சைஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மாடலை வைத்துப் பொருத்தம் பார்த்து முடிவு செய்வார்கள். மற்ற சைஸ் எல்லாம் அந்த ஒரு வெட்டு மாதிரியை, அதாவது பேட்டர்னை, கணக்குப் போட்டு ஏற்றுவதும் இறக்குவதும்தான். இதை கிரேடிங் என்போம். மார்பு ஐந்து செ.மீ. கூடினால் இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு, கை நீளம் இவ்வளவு என்று எல்லாம் சேர்ந்தே கூடும். அந்தக் கணக்கின்படி வயிறு போட்ட எல்லோருக்கும் தோளும் அகலமாக, கையும் நீளமாக இருந்தாக வேண்டும்! நிஜ உடம்பு அப்படி வளர்வதில்லை. நாற்பது வயதுக்கு மேல் வயிறு வரும், தோள் எலும்பு இருந்தபடியேதான் இருக்கும். காவிரிக்கரை சாரின் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. சைஸ் அட்டவணையில் அவருக்கு இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். பல நிறுவனங்களின் சட்டையில் 40 என்பது காலரின் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். சில நிறுவனங்களில் அதே 40 மார்புச் சுற்று, அங்குலத்தில். எங்கள் ஊரில் மிச்சமாகும் ஏற்றுமதித் துணிகள் சர்ப்ளஸ் கடைகளுக்கு வருமே, அவை ஐரோப்பிய, அமெரிக்க உடம்புக்கு வெட்டியவை. அதில் எம் போட்டது நம் எல் அளவுக்கு இருப்பதைப் பார்க்கலாம். கை நீளமும் கூடுதலாக இருக்கும்.

இந்திய உடம்புக்கென்று பொதுவான அட்டவணை இல்லாத குறையைப் போக்கத்தான் நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் "இந்தியாசைஸ்" என்ற திட்டத்தை எடுத்தது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேருக்கு மேல் முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது அதன் நோக்கம். இதை நான் பெரிதும் வரவேற்கிறேன். ஆனால் எந்த அட்டவணை வந்தாலும் அது சராசரிதான். நம் உடம்பை நாம் அளந்து வைத்திருப்பதற்கு அது மாற்று ஆகாது.

ஒரே சைஸ், ஒரே டிசைன், ஒரே நிறம் என்றாலும் இரண்டு டி-ஷர்ட்டை மாட்டிப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். உடுப்பின் அளவுகளை எழுதிய ஸ்பெக் ஷீட்டில் டாலரன்ஸ் என்று ஒன்று உண்டு. அரை மார்பில், அதாவது உடுப்பைத் தட்டையாக விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்தால், ஒரு செ.மீ. கூடலாம், ஒரு செ.மீ. குறையலாம் என்று அனுமதிப்பது வழக்கம். ஒன்று கூடுதல் பக்கமும் மற்றது குறைச்சல் பக்கமும் விழுந்தால் சுற்றளவில் நான்கு செ.மீ. வித்தியாசம். இரண்டும் சோதனையில் பாஸ் ஆன உடுப்புகள்தான்.

மல்லிகைச்சரம்

ஆண்கள் சட்டையோடு நின்றுவிட வேண்டாம், எங்கள் கதையையும் கேளுங்கள். ஊசிமுனை அண்ணா, உங்களிடம்தான் கேட்கிறேன்.

எனக்கு எந்த ஜாக்கெட் தைத்தாலும் கையைத் தூக்கினால் அடிப்பட்டி மேலே ஏறிவிடுகிறது. தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறேன், இறங்குவதற்குள் நாலு தடவை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தைப்பவரிடம் "கை பிடிக்கிறது, ஆர்ம்ஹோலை லூஸ் பண்ணுங்கள்" என்று சொன்னேன். பண்ணிக் கொடுத்தார். முன்பைவிட மோசமாகிவிட்டது. இன்னொன்று, பின்கழுத்து கொஞ்சம் இறக்கி வைத்தால் தோள் வழுக்கிக்கொண்டு போகிறது. அளவு ஜாக்கெட் கொடுத்துத்தான் தைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

ஊசிமுனை

அம்மா, நீங்கள் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. சட்டைக்கும் இது அப்படியே பொருந்தும், சாரும் படிக்கட்டும்.

ஆர்ம்ஹோல் ஆழமாக இருந்தால் கை தாராளமாக அசையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். கையைத் தூக்கும்போது அக்குளுக்குக் கீழே இருக்கும் துணி கையோடு சேர்ந்து மேலே வரும். ஆர்ம்ஹோல் அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் சுழலும், உடம்புத் துணி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆழமாக வெட்டிவிட்டால் கையும் உடம்பும் ஒரே பையாக இணைந்துவிடும், கை போகிற பக்கமெல்லாம் அடிப்பட்டியும் போகும். நீங்கள் "லூஸ் பண்ணுங்கள்" என்றதும் அவர் அக்குள் பக்கம் இறக்கி வெட்டியிருப்பார். பிடித்தது பெரும்பாலும் ஆர்ம்ஹோலாக இருந்திருக்காது. மேல்கையின் சுற்று போதாமல் இருந்திருக்கும், இல்லை முதுகின் அகலம் போதாமல் இருந்திருக்கும். அடுத்த தடவை "ஆர்ம்ஹோலை இறக்க வேண்டாம், மேல்கைச் சுற்றை அரை அங்குலம் கூட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஜாக்கெட் போட்டு, கையை முன்னால் கட்டும்போது முதுகில் இழுத்தால் அது முதுகு அகலத்தின் குறை. அதையும் அப்படியே சொல்லுங்கள்.

தோள் வழுக்குவதற்குக் காரணம், முன்கழுத்தும் இறக்கம், பின்கழுத்தும் இறக்கம். இரண்டும் ஆழமானால் தோள் பட்டையைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. பின்கழுத்து ஆழம் வேண்டும் என்றால் முன்கழுத்தைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும், கழுத்தின் அகலத்தையும் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆழம்தான் வேண்டும் என்றால் பின்னால் ஒரு கயிறு வைத்துக்கொள்வதே வழி. கயிறு அழகுக்கு மட்டும் வந்தது இல்லை.

அளவு ஜாக்கெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்கு ரொம்பப் பிடித்த, நிறையத் தடவை துவைத்த பழைய ஜாக்கெட்டைத்தான் கொண்டுவருவீர்கள். கிராஸ் கட்டிங்கில் வெட்டிய ஜாக்கெட் என்றால் துணி சாய்வாக ஓடுவதால் போகப் போக உடம்புக்கேற்ப இழுபட்டுக்கொடுத்திருக்கும். அதை மேஜையில் விரித்து அளந்து, லைனிங் கொடுத்த இழுபடாத பட்டுத் துணியில் அப்படியே வெட்டினால் பிடிக்கத்தான் செய்யும். அளவு ஜாக்கெட்டும் கொடுங்கள், உடம்பிலும் டேப் வைக்கச் சொல்லுங்கள். அளவு கொடுக்கும்போது வழக்கமாக ஜாக்கெட்டுக்குள் போடும் உள்ளாடையையே போட்டிருக்க வேண்டும். உள்ளாடை மாறினால் டாட் முனை ஏறும், இறங்கும்.

மார்புச் சுற்று 36 என்று ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொண்டு தைப்பவரிடமும் கவனமாக இருங்கள். முதுகு அகலமானவருக்கும் 36 வரும், முதுகு ஒடுங்கி முன்பக்கம் நிறைந்தவருக்கும் 36 வரும். இருவருக்கும் ஒரே ஜாக்கெட்டை வெட்ட முடியாது. அக்குளை ஒட்டி மேலே ஒரு சுற்று, நிறைந்த இடத்தில் ஒரு சுற்று, அதற்குக் கீழே ஒரு சுற்று என்று மூன்று அளவும் எடுத்தால்தான் டாட்டில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

மல்லிகைச்சரம்

முன்கழுத்து ஏற்றுவது பற்றி யாருமே இதுவரை சொன்னதில்லை அண்ணா. மனமார்ந்த நன்றி. தீபாவளித் துணி தைக்கக் கொடுக்கும்போது இதை எழுதியே எடுத்துப் போகிறேன்.

பனிமூட்டம்

எல்லோரும் தோள் மேட்டில் தையல் நிற்க வேண்டும் என்கிறீர்கள். நான் கோவை, கல்லூரியில் படிக்கிறேன். எனக்கும் என் நண்பர்களுக்கும் தோள் இறங்கிய ஓவர்சைஸ் டி-ஷர்ட்தான் பிடிக்கும். எங்களுக்கு அதுதான் வசதி, அதுதான் அழகு. இதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உடம்பைக் காட்டிக்கொடுக்காத உடுப்பில்தான் சிலருக்கு வெளியே போகவே தைரியம் வருகிறது. நானும் அப்படித்தான், அதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பின்னலாடை

தம்பி, அது தப்பே இல்லை. ஓவர்சைஸ் ஆர்டர்கள் எங்கள் லைனிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் தோள் இறக்கமாக வடிவமைத்த உடுப்பும், இரண்டு சைஸ் கூட்டி வாங்கிய சாதாரண உடுப்பும் ஒன்றல்ல.

டிராப் ஷோல்டர் பேட்டர்னில் தோள் இறங்கும் அளவுக்குக் கையின் நீளத்தைக் குறைத்திருப்பார்கள். கையின் மேல் வளைவைத் தட்டையாக்கியிருப்பார்கள். கழுத்து மட்டும் உங்கள் சைஸிலேயே இருக்கும், கழுத்தைச் சுற்றிய இழுபடும் பட்டியான ரிப்பும் அகலமாக வைத்துக் கழுத்தைப் பிடித்திருக்கும். துணியும் கனமாகத் தேர்ந்தெடுப்பார்கள். சாதாரண டி-ஷர்ட் 160 அல்லது 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்றால் இதற்கு 220, 240 என்று போவார்கள், அப்போதுதான் உடம்பில் ஒட்டாமல் விறைப்பாக நிற்கும். சாதாரண டி-ஷர்ட்டையே டபுள் எக்ஸெல் எடுத்தால் கழுத்து அகன்று ஒரு பக்கம் சரியும், கை முழங்கையைத் தாண்டும், மெல்லிய துணி வயிற்றில் படிந்து எதை மறைக்க நினைத்தீர்களோ அதையே காட்டும். உங்களுக்குப் பிடித்த லூஸைத் தேடும்போது கழுத்தைப் பாருங்கள். கழுத்து உங்களுடையதாக இருந்தால் மீதி எல்லாம் வடிவமைத்தவர் கணக்குப் போட்டு விட்ட லூஸ்.

காவிரிக்கரை சாரின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பின் அளவுக்கும் உடுப்பின் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஈஸ் என்போம். உங்கள் ரசனை எண்ணாக மாறும் இடம் அதுதான். அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு. உங்களிடம் இருப்பதிலேயே போட்டால் சுகமாக இருக்கும் சட்டையை எடுத்துப் பட்டன் எல்லாம் போட்டு மேஜையில் விரித்து, சுருக்கம் நீவி, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்காக அளங்கள். 22 அங்குலம் வந்தால் இரட்டிப்பு 44. உங்கள் மார்பு 39 என்றால் உங்களுக்குப் பிடித்த லூஸ் 5 அங்குலம். இதே மாதிரி வயிற்றுப் பக்கமும் எடுங்கள். ஆனால் வயிற்றை உட்கார்ந்துகொண்டு அளங்கள், மூச்சைப் பிடிக்காமல். நின்றால் ஒரு அளவு, உட்கார்ந்தால் ஓரிரு அங்குலம் கூடும். பட்டன் விரிவது உட்காரும்போதுதானே?

பொதுவாகச் சொன்னால், நெய்த துணிச் சட்டையில் மார்பில் 3, 4 அங்குலம் விட்டால் ஒட்டிய தோற்றம்; 5, 6 விட்டால் சாதாரணம்; அதற்கு மேல் போனால் நல்ல லூஸ். டி-ஷர்ட் இழுபடும் துணி என்பதால் ஓரிரு அங்குலமே போதும். ஜாக்கெட்டில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் விடுவார்கள் என்று நினைக்கிறேன், ஊசிமுனை அண்ணன் சொல்லட்டும். ஒருவருக்கு 3 பிடிக்கும், இன்னொருவருக்கு 7 பிடிக்கும். அதில் சரி தப்பு கிடையாது. எண் தெரிந்துவிட்டால் ஆன்லைனில் வாங்கும்போது எஸ், எம், எல்லைப் பார்க்கவே வேண்டாம், உடுப்பின் அளவை மட்டும் பார்த்தால் போதும். அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில தளங்கள் கொடுப்பது உடம்பின் அளவு, சில கொடுப்பது உடுப்பின் அளவு. அட்டவணையின் தலைப்பைப் படிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

ஊசிமுனை

ஆமாம், ஜாக்கெட்டுக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் விட்டால் முன்பக்கம் சுருக்கம் விழும்.

செம்பருத்தி

குர்த்தி பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். எனக்கு இடுப்பெலும்புப் பக்கம் அகலம். மார்பு அளவைப் பார்த்து எம் எடுத்தால் மேலே கச்சிதமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் ஸ்லிட் திறக்கும் இடத்தில் துணி இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும், நடந்தால் இன்னும் விரியும். ஸ்லிட்டைக் கீழே இறக்கித் தைத்துக் கொடுத்தார்கள். உட்காரவே முடியவில்லை. ஸ்லிட் விரிகிறது என்றால் இடுப்பெலும்புச் சுற்றில் துணி போதவில்லை என்று அர்த்தம், அதை மூடித் தைத்துத் தீர்க்க முடியாது. இப்போது இடுப்பெலும்பின் அகலத்துக்கு எல் எடுத்து, மார்பு, இடுப்பு, அக்குள் வரை பிடித்துத் தைக்கக் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் கீழே போகப் போக அகலமாகும் ஏ-லைன் எடுத்துவிடுகிறேன், அதில் இந்தப் பிரச்சினையே இல்லை.

பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் சொல்லிவிடுகிறேன். வளர்கிற பிள்ளை என்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பெரிதாக எடுக்கிறோம். உயரத்தைப் பெரிதாக எடுத்து உள்ளே மடித்துத் தைத்து வைத்தால் வருடா வருடம் பிரித்துவிடலாம், நல்லதுதான். தோளை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். என் மகள் நாள் முழுக்கப் புத்தகப் பையின் பட்டைக்கடியில் தொங்கும் தோளை இழுத்து விட்டுக்கொண்டே இருந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பிள்ளைக்கும் உடம்பு இருக்கிறது, அதற்கும் வசதி வேண்டும்.

கடற்காற்று

இந்த இழை என் மனதுக்கு நெருக்கமானது, அதனால் எழுதுகிறேன். தூத்துக்குடியில் இருக்கிறேன், சக்கர நாற்காலியில்தான் என் நாள் முழுதும்.

உடுப்பு எல்லாமே நிற்கிறவர்களுக்காக வெட்டியது. கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பவருக்கு அழகாக இருக்கும்படி அதன் கணக்கு. உட்கார்ந்தே இருப்பவருக்கு எல்லாம் மாறிவிடும். பேன்ட் எடுத்தால் பின்பக்கம் இடுப்புப்பட்டி இறங்கி முதுகு தெரியும். முன்பக்கம் அதே துணி மடிந்து அடிவயிற்றில் அழுத்தும். முழங்கால் மடங்குவதால் கால் நுனி ஏறிக் கணுக்கால் தெரியும். பின் பாக்கெட்டின் தடித்த தையல் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும். என்னைப் போல் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தப் புண் வருவதே தெரியாது. எங்களுக்கு அது உடல்நலப் பிரச்சினை.

எனக்குத் தைத்துத் தருபவரிடம் நான் சொல்லி வாங்குவது இவை: பின்பக்க உயரத்தைக் கூட்டி, முன்பக்க உயரத்தைக் குறைக்க வேண்டும். கால் நீளம் உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். பின் பாக்கெட்டே வேண்டாம், அதற்குப் பதிலாகத் தொடையின் மேல்பக்கம் ஒரு பாக்கெட். சட்டை முன்பக்கம் குட்டையாக, மடியில் குவியாமல். சக்கரத்தைத் தள்ளுவதால் தோளும் மேல்கையும் மற்றவர்களைவிடக் கனமாகியிருக்கின்றன, முதுகு அகலத்தையும் மேல்கைச் சுற்றையும் கூட்ட வேண்டும். கஃப் சக்கரத்தில் உரசி அழுக்காகும் என்பதால் அரைக்கைதான்.

ஊசிமுனை அண்ணன் மல்லிகைச்சரம் அக்காவிடம் சொன்னதுதான் எனக்கும் முக்கியமாகப் படுகிறது. "பிடிக்கிறது", "லூஸ்" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன செய்யும்போது எங்கே இழுக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் கடைக்குப் போனால் நாற்காலியைத் தள்ளிக் காட்டுவேன். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிடும்.

ஊசிமுனை

தம்பி, உங்கள் பதிவை என் கடைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். உட்கார்ந்த நிலையில் அளவெடுக்க வேண்டும் என்பதை எல்லாத் தையல்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை ஒட்டி மற்றவர்களுக்கும் ஒன்று. ட்ரயல் ரூமில் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் நாளில் என்ன செய்வீர்களோ அதைச் செய்து பாருங்கள். பைக் ஓட்டுபவர் ஹேண்டில் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், அப்போது கஃப் மணிக்கட்டை விட்டு எவ்வளவு ஏறுகிறது, முதுகில் இழுக்கிறதா, சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வருகிறதா என்று தெரிந்துவிடும். ஸ்டூல் இருந்தால் உட்காருங்கள். குனிந்து செருப்பைத் தொடுங்கள்.

துணியே கொஞ்சம் பேசும். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி மாதிரி கோடு விழுந்தால் அங்கே துணி போதவில்லை. கோடு எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அந்த இடம்தான் பிடிக்கிறது. இழுப்பு இல்லாமல் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்து கிடந்தால் அங்கே துணி மிச்சம். காலருக்குக் கீழே பின்கழுத்தில் குறுக்காக ஒரு மடிப்பு விழுகிறதா? உங்கள் தோள் நிமிர்ந்த தோள், சட்டை சரிந்த தோளுக்கு வெட்டியது. கழுத்துப் பக்கத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு ஓடினால் இதற்கு மறுதலை, உங்கள் தோள் சரிந்தது. ஒரு பக்கம் மட்டும் அப்படி விழுந்தால் ஒரு தோள் இறங்கியிருக்கிறது. நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

பின்னலாடை

டி-ஷர்ட் வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு வரி: இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்தால் அது உங்கள் உடம்பால் வந்த கோளாறு இல்லை. டி-ஷர்ட்டுக்கு வழக்கமான சிங்கிள் ஜெர்சி பின்னல் துணியில் நூலின் முறுக்கு தளரும்போது வருவது. வாங்கும்போது பக்கத் தையல் நேராகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள், புதிதிலேயே சாய்ந்திருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் 40 ரெகுலர் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் முதலில் "அது வயசானவங்க போடுறது சார்" என்றார், பரவாயில்லை எடுங்கள் என்றேன். தோள் மேட்டில் தையல் நிற்கிறது, உட்கார்ந்து பார்த்தேன், பட்டன் விரியவில்லை. பின்கழுத்தில் மட்டும் ஊசிமுனை அண்ணன் சொன்ன குறுக்கு மடிப்பு மெல்லியதாக விழுகிறது.

வீட்டில் சுகமான பழைய சட்டையையும் அளந்தேன். மார்பில் 6 அங்குலம் லூஸ் வந்தது, உட்கார்ந்த வயிற்றில் 4. இந்த அளவை வைத்து ஒரு சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பருத்தித் துணி எவ்வளவு எடுக்க வேண்டும், தைப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஊசிமுனை

58 அங்குல அகலத் துணி என்றால் முழுக்கைக்கு 1.6 மீட்டர் போதும். 36 அங்குல அகலம் என்றால் இரண்டே கால், உயரமானவராக இருந்தால் இரண்டரை மீட்டர். பெரிய கட்டம் போட்ட துணி எடுத்தால் கட்டம் சேர்க்க இன்னும் ஒரு கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் சட்டைக்குக் கட்டம் வேண்டாம் என்பேன்.

பருத்தி என்பதால் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு எடுத்துப் போங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

தைப்பவரிடம் அந்தப் பழைய சட்டையையும் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள்: தோள் இதே அளவு, ஆர்ம்ஹோலை இறக்க வேண்டாம், வயிற்றை உட்காரவைத்து அளக்க வேண்டும், பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட வேண்டும். பின்கழுத்து மடிப்பு விழுகிற ரெடிமேட் சட்டையை உடுத்திக்கொண்டே போனால் இன்னும் நல்லது, தோள் நிமிர்ந்திருப்பதை அவரே பார்த்துக் கால் அங்குலம் ஏற்றிக்கொள்வார். ஒரே சமயத்தில் மூன்று நான்கு சட்டைக்குத் துணி கொடுத்துவிடாதீர்கள். ஒன்று தைத்து, நாலு நாள் போட்டு, துவைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள்.